ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் குறைபாடு என்கிறார்கள்: இரத்த அறிக்கையை எப்படிப் புரிந்துகொள்வது?

வேனில் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 41. சிறுவயது முதல் சைவ உணவுதான், முட்டையும் உண்பதில்லை. சில மாதங்களாக மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, தலைமுடி கொட்டுகிறது, இரவில் கால் விரல்கள் மரத்துப்போனதுபோல் இருக்கின்றன. மருத்துவர் எழுதிக்கொடுத்த பரிசோதனைகளின் முடிவுகள் இவை: ஹீமோகுளோபின் 12.2, எம்.சி.வி. 86, ஆர்.டி.டபிள்யூ. 17.4, ஃபெரிட்டின் 9, வைட்டமின் பி12 168, வைட்டமின் டி 13, கால்சியம் 9.3.

ஹீமோகுளோபின் 12க்கு மேல் இருப்பதால் இரத்தசோகை இல்லை என்றும், மற்றவையெல்லாம் தேவையற்ற பரிசோதனைகள் என்றும் வீட்டில் பெரியவர்கள் சொல்கிறார்கள். மருத்துவரோ இரும்புச்சத்தும் பி12உம் குறைவாக உள்ளன என்கிறார். இரும்பு குறைந்தால் ஹீமோகுளோபின் குறைய வேண்டாமா? வைட்டமின் டி இவ்வளவு குறைந்திருக்கும்போது கால்சியம் மட்டும் எப்படிச் சரியாக இருக்கிறது? அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரை வீட்டில் இருக்கிறது. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்வரை அதைத் தொடங்கலாமா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

சோதனைக்குழாய்

அம்மா, ஆய்வகம் ஒன்றின் உயிர்வேதியியல் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். சிகிச்சையைப் பற்றி மருத்துவர்கள் எழுதட்டும். இந்த எண்கள் உடலின் எந்தப் பகுதியைக் காட்டுகின்றன என்பதை மட்டும் சொல்கிறேன்.

பத்தாயத்தில் நெல் அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டாலும், கடைசி மரக்கால் தீரும்வரை வீட்டில் உலை கொதித்துக்கொண்டுதான் இருக்கும். ஹீமோகுளோபின் என்பது அந்த உலை. ஃபெரிட்டின் என்பது பத்தாயம். வளர்ந்தவர் ஒருவரின் உடலில் 3 முதல் 4 கிராம் இரும்பு இருக்கிறது. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சிவப்பணுக்களுக்குள் ஹீமோகுளோபினாக இருக்க, மீதியில் பெரும்பகுதி கல்லீரலிலும் எலும்பு மச்சையிலும் மண்ணீரலிலும் சேமிப்பாக இருக்கிறது. வரவு குறைந்தாலோ இழப்பு கூடினாலோ உடல் முதலில் சேமிப்பைத்தான் எடுத்துச் செலவழிக்கும். அப்போது ஃபெரிட்டின் இறங்கும், வேறெதுவும் மாறாது. சேமிப்பு தீர்ந்த பிறகு, இரத்தத்தில் இரும்பைச் சுமந்து செல்லும் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் வழக்கத்தைவிடக் குறைந்த சுமையோடு ஓடத் தொடங்கும். அதற்கும் பிறகுதான் ஹீமோகுளோபின் குறையும். நலமாக உள்ள வளர்ந்தவர்களுக்கு ஃபெரிட்டின் 15க்குக் கீழே இருந்தால் சேமிப்பு தீர்ந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் கொள்கிறது. உங்களுடையது 9. ஆகவே ஹீமோகுளோபின் 12.2 என்பதும் இரும்பு இல்லை என்பதும் ஒன்றோடொன்று முரண்படவில்லை. மூன்று கட்டங்களில் இரண்டைக் கடந்து மூன்றாவதன் வாசலில் நிற்கிறீர்கள், அவ்வளவே.

உங்கள் அறிக்கையில் யாரும் கவனிக்காமல் போகக்கூடிய எண் ஒன்று உண்டு. என் கண் முதலில் அங்குதான் சென்றது. அது ஆர்.டி.டபிள்யூ. 17.4. எம்.சி.வி. என்பது சிவப்பணுக்களின் சராசரி அளவு, ஆர்.டி.டபிள்யூ. என்பது அவை தமக்குள் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதன் கணக்கு. இரும்பு குறைந்தால் அணுக்கள் சிறுக்கும், பி12 குறைந்தால் பெருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் குறைந்தால் சிறியவையும் பெரியவையும் கலந்து, சராசரி 86 என்று அழகாக வந்து நிற்கும்; வேறுபாடு மட்டும் கூடியிருக்கும். ஒரு குறைபாடு மற்றொன்றின் தடயத்தை அழித்துவிடுகிற நிலை இது. எம்.சி.வி. சரியாக இருக்கிறது என்று அறிக்கையை மடித்து வைத்துவிடுகிறவர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

பி12 அளவைப் பற்றியும் ஒரு சொல். இரத்தத்தில் ஓடும் பி12இல் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் திசுக்கள் எடுத்துக்கொள்ளக்கூடிய வடிவில் இருக்கிறது. வழக்கமான பரிசோதனை மொத்தத்தையும் சேர்த்தே அளக்கிறது. அதனால் 200க்கும் 300க்கும் இடைப்பட்ட எண்கள் குழப்பம் தருபவை. அங்கே மீத்தைல்மலோனிக் அமிலத்தை அளந்தால் தெளிவு கிடைக்கும், ஏனெனில் பி12 இல்லாமல் அது வேறு பொருளாக மாறாமல் இரத்தத்தில் தேங்கும். உங்களுடைய 168 குழப்பத்துக்கு இடமில்லாத எண். கால் விரல்கள் மரத்துப்போவதோடு சேர்த்துப் பார்த்தால் இன்னும் தெளிவு. ஆனால் ஒன்று கேட்க வேண்டும். முடி கொட்டுவதற்காகப் பயோட்டின் மாத்திரை எடுக்கிறீர்களா? சில கருவிகளின் பரிசோதனை முறையில் அது குறுக்கிட்டு ஃபெரிட்டின், தைராய்டைத் தூண்டும் ஊக்கி (டி.எஸ்.எச்.) போன்றவற்றைப் பொய்யாகக் குறைத்தும், பி12, வைட்டமின் டி போன்றவற்றைப் பொய்யாகக் கூட்டியும் காட்டக்கூடும்.

கால்சியம் கேள்விக்கு விடை சுருக்கமானது. உடலின் கால்சியத்தில் 99 விழுக்காடு எலும்பில் இருக்கிறது. இதயமும் தசையும் நரம்பும் இயங்க இரத்தத்தில் உள்ள அளவு குறுகிய வரம்புக்குள் இருந்தே ஆக வேண்டும் என்பதால், உணவிலிருந்து போதிய அளவு வராதபோது பாராதைராய்டு ஊக்கி எலும்பைக் கரைத்து அந்த அளவைக் காப்பாற்றுகிறது. ஆக, 9.3 என்ற எண் எலும்பின் நலத்தைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

மருதன்

மேலே எழுதியவர் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். பொது மருத்துவத்தில் இருப்பவன் என்ற முறையில் வேறொரு பக்கத்திலிருந்து சேர்க்க வேண்டியவை சில உள்ளன.

இரத்தத்தில் ஓர் எண் குறைவாக இருப்பதும் உடலில் அந்தப் பொருள் குறைவாக இருப்பதும் ஒன்றல்ல. பொட்டாசியத்தை எடுத்துக்கொள்ளுங்கள், உடலில் உள்ளதில் ஏறத்தாழ 98 விழுக்காடு அணுக்களுக்குள் இருக்கிறது, நாம் அளப்பது வெளியே இருக்கும் எஞ்சிய சிறு பகுதியை. நீரிழிவு கட்டுமீறிக் கீட்டோன் அமிலம் கூடிய நிலையில் வரும் நோயாளிக்குச் சிறுநீர் வழியே ஏராளமான பொட்டாசியம் வெளியேறியிருக்கும். ஆயினும் இரத்த எண் சரியாகவோ கூடுதலாகவோ காட்டும், ஏனெனில் இன்சுலின் இல்லாதபோது பொட்டாசியம் அணுவுக்குள் இருந்து வெளியே கசிகிறது. இன்சுலின் கொடுத்தவுடன் அது உள்ளே திரும்ப, மறைந்திருந்த பற்றாக்குறை ஆபத்தான வேகத்தில் வெளிப்படும். சோடியம் இதற்கு நேர்மாறான வேடிக்கை. முதியவர்களுக்குச் சோடியம் 125 என்று வந்தால் உப்புக் குறைந்துவிட்டது என்று சொல்லி மோரில் உப்பை அள்ளிப் போட்டுக் கொடுக்கிறார்கள். பெரும்பாலும் அங்கே குறைந்திருப்பது உப்பு அல்ல, நீர் கூடியிருக்கிறது. இதயம் செயலிழந்தவருக்கு உப்பைக் கூட்டினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஃபெரிட்டினிலும் இப்படி ஒரு பொறி உண்டு. காய்ச்சல், தொற்று, மூட்டு அழற்சி, கல்லீரல் நோய் ஆகியவற்றின்போது சேமிப்பு எப்படி இருந்தாலும் ஃபெரிட்டின் ஏறும். அதனால்தான் அழற்சி உள்ள வளர்ந்தவர்களுக்கு 70க்குக் கீழ் இருந்தாலே குறைபாடாகக் கருதலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வரம்பை மாற்றிச் சொன்னது. ஃபெரிட்டின் கூடுதலாக இருந்தால் ஐயம் கொள்ளலாம். குறைவாக இருந்தால் நம்பலாம், நான் அப்படித்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

வீட்டில் உள்ள மாத்திரையைத் தொடங்கலாமா என்று கேட்டீர்கள். இங்கேதான் நீங்கள் அவசரப்படக் கூடாது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1928இல் பம்பாய்க்கு வந்து, ஆலைகளில் வேலை செய்த கருவுற்ற பெண்களிடம் காணப்பட்ட, சிவப்பணுக்கள் பெருத்த கடும் இரத்தசோகையை ஆராய்ந்தார். குன்னூரிலும் சில காலம் பணியாற்றினார். ஈஸ்ட் சாரம் அந்தச் சோகையைத் தீர்ப்பதை 1931இல் அவர் வெளியிட்டார். அதில் இருந்த பொருள்தான் பின்னர் ஃபோலிக் அமிலம் என அறியப்பட்டது. கருவுற்ற பெண்களுக்கு இன்று கொடுக்கும் மாத்திரையின் வேர் அங்கே இருக்கிறது. ஆனால் பி12 குறைந்தவருக்கு ஃபோலிக் அமிலத்தை மட்டும் கூடுதல் அளவில் கொடுத்தால், இரத்த அணுக்கள் சீராகிவிடும், நரம்புச் சிதைவோ உள்ளுக்குள் தொடரும். முதுகுத்தண்டின் பின்பகுதி நரம்புக் கற்றைகள் கெட்டு, இருட்டில் நடக்கத் தடுமாறும் நிலைவரை அது போகலாம். நாள்பட்டால் முழுமையாக மீள்வதில்லை. கால் விரல்கள் மரத்துப்போகிறவர் முதலில் பி12ஐத் தொடங்கிய பிறகே ஃபோலிக் அமிலத்துக்குப் போக வேண்டும். மாத்திரை மீது எனக்குக் குறையில்லை, வரிசைதான் முக்கியம்.

எதுவாக இருந்தாலும் குறைபாடு என்பது பாதி விடைதான். உண்பதில் குறைவா, குடலில் உறிஞ்சப்படவில்லையா, எங்கேனும் வழிந்து போகிறதா, தேவை கூடியிருக்கிறதா என்பதைக் கண்டுபிடிக்காமல் மாத்திரை கொடுத்தால், நிறுத்திய சில மாதங்களில் பழைய எண்ணுக்கே திரும்புவீர்கள். மாதவிடாய்ப் போக்கு எப்படி? வயிற்று எரிச்சலுக்கு ஏதேனும் எடுக்கிறீர்களா? நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் எடுப்பதுண்டா?

பனங்காட்டான்

மருத்துவர்கள் மேல் மரியாதை குறைவாகச் சொல்லவில்லை. நம் முன்னோர் ஃபெரிட்டினும் பி12உம் அளந்துகொண்டா வாழ்ந்தார்கள்? முருங்கைக்கீரை, பேரீச்சை, கேழ்வரகு, காலை வெயில் இவற்றை ஒழுங்காகச் சேர்த்துக்கொண்டால் இத்தனை மாத்திரைக்கு வேலை இருக்காது என்பது என் கருத்து. பரிசோதனைத் தொகுப்புகளை விற்பதற்காகவே குறைபாடுகள் பெருகிவிட்டனவோ என்ற ஐயமும் எனக்கு உண்டு.

ஏட்டுச்சுவடி

பனங்காட்டான் அவர்களின் கருத்தில் ஒரு பாதி வரலாற்றால் மெய்ப்பிக்கப்பட்டது. அதனால் அதை ஒரேயடியாகத் தள்ள எனக்கு மனமில்லை. மலாயாவில் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிபெரி நோய் ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர்களைக் கூட்டங்கூட்டமாக வாட்டியது. தோட்டங்களில் உழைத்த தமிழர்களை அவ்வாறு தாக்கவில்லை. சீனர்கள் உண்டது தீட்டிய பச்சரிசி, தமிழர்கள் உண்டது இந்தியாவிலிருந்து வந்த புழுங்கலரிசி. இந்த வேறுபாட்டைப் பிராடன் என்ற மருத்துவர் சுட்டிக்காட்டினார். கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் ஃப்ளெட்சர் என்பவர் ஒரு பகுதியினருக்குப் பச்சரிசியும் மறுபகுதியினருக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துச் சோதித்து 1907இல் வெளியிட்ட முடிவு, நோய் பச்சரிசிப் பக்கமே நிற்பதைக் காட்டியது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள தயமின் (வைட்டமின் பி1) அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது, தீட்டினாலும் முழுதும் போவதில்லை என்பது பின்னால் விளங்கியது. தயமினுக்கு உடலில் சேமிப்பு மிகக் குறைவு. வரவு நின்ற சில வாரங்களிலேயே பற்றாக்குறை தொடங்கிவிடும். எந்த ஆய்வகமும் இல்லாமல், அவித்த நெல் ஒரு நோயைத் தடுத்து வந்திருக்கிறது.

ஆனால் எல்லாக் குறைபாட்டுக்கும் இந்தக் கணக்குப் பொருந்தாது. பி12 நுண்ணுயிரிகள் மட்டுமே உருவாக்கும் பொருள். முருங்கையிலும் கேழ்வரகிலும் பேரீச்சையிலும் அது இல்லை. சைவ உணவினருக்குப் பாலும் தயிருமே வாயில். கல்லீரலில் இருக்கும் சேமிப்பு ஆண்டுக்கணக்கில் தாங்கும் என்பதால், குறைபாடு தொடங்கிய காலத்துக்கும் கால் மரத்துப்போகும் காலத்துக்கும் இடையே நெடிய இடைவெளி விழுந்துவிடுகிறது. அந்த இடைவெளியில் நாம் நலமாக இருப்பதாகவே தோன்றும். முன்னோர் அளக்கவில்லை என்பது உண்மைதான். அவர்களுக்குக் குறைபாடு இல்லாதிருந்தது என்று அதிலிருந்து சொல்லிவிட முடியாது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உள்ளவர்கள் எனத் தெரியவந்தது. அதுவும் ஹீமோகுளோபின் குறைந்தவர்களின் எண்ணிக்கைதான். வேனில் போன்றவர்கள் அதில் சேரமாட்டார்கள்.

முழு உடல் பரிசோதனைத் தொகுப்புகள் தேவைக்கு மேல் விற்கப்படுகின்றன என்ற அவருடைய ஐயத்தில் மட்டும் நானும் கூட்டு.

வேனில்

இவ்வளவு பொறுமையாக விளக்கிய அனைவருக்கும் நன்றி. மருதன் ஐயா கேட்டவற்றுக்கு விடை: மாதவிடாய்ப் போக்கு இரண்டு ஆண்டுகளாக அதிகமாகவே உள்ளது, வயது காரணம் என்று நினைத்துவிட்டுவிட்டேன். நெஞ்செரிச்சலுக்காகப் பாண்டோபிரசோல் நெடுநாளாக எடுத்து வருகிறேன், மருந்துக் கடையில் கேட்டு வாங்கியே தொடர்ந்திருக்கிறேன். நீரிழிவு இல்லை. சோதனைக்குழாய் ஐயா, பயோட்டின் கலந்த மாத்திரை எடுத்தது உண்மை. இரத்தம் கொடுப்பதற்கு முந்தைய நாள்கூட எடுத்தேன். இரும்பு, கால்சியம், வைட்டமின் டி, பி12 எல்லாவற்றையும் காலையில் ஒன்றாகவே விழுங்கிவிடலாமா? முருங்கைக்கீரையை விட்டுவிட வேண்டுமா?

சோதனைக்குழாய்

பயோட்டின் குறுக்கிட்டிருந்தால் பி12உம் வைட்டமின் டியும் உண்மையில் இன்னும் குறைவாகத்தான் இருக்கும். அந்த இரண்டு முடிவுகளும் அதனால் பொய்யாகிவிடாது. ஐயத்துக்கு இடம் ஃபெரிட்டினில்தான். அந்த மாத்திரையைச் சில நாள்கள் நிறுத்திய பிறகு ஃபெரிட்டினை மட்டும் திரும்பப் பார்த்துவிடுங்கள். ஆய்வகத்திடம் மாத்திரையின் அளவையும் சொல்லுங்கள், ஏனெனில் எல்லாக் கருவிகளுக்கும் இந்தச் சிக்கல் இல்லை. ஆர்.டி.டபிள்யூ.வைப் பயோட்டின் தொடாது என்பதால், மறுமுடிவும் குறைவாகவே வரும் என்று எதிர்பார்க்கிறேன்.

மருதன்

உங்கள் விடைகளில் கதை ஏறத்தாழ முழுமையாகிவிட்டது. ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. ஒரு மாதவிடாயில் 80 மில்லிலிட்டருக்கு மேல் போனால், வழக்கமான அன்றாட இழப்புக்கு மேல் 40 மில்லிகிராம் கூடுதலாகப் போகிறது. உணவிலிருந்து நாள்தோறும் ஒன்றிரண்டு மில்லிகிராம் மட்டுமே உறிஞ்சும் உடலால் அதை ஈடுகட்ட முடியாது. இரும்பின் பக்கம் இதுதான் ஓட்டை என்று நினைக்கிறேன். 41 வயதில் போக்கு கூடினால் கருப்பையில் நார்க்கட்டி உண்டா, தைராய்டு சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மகளிர் நல மருத்துவரைத் தள்ளிப்போடாமல் பாருங்கள்.

வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பாண்டோபிரசோல், பி12, இரும்பு என இரண்டு பக்கமும் கை வைக்கிறது. உணவிலுள்ள பி12 புரதத்தோடு ஒட்டியிருக்கும். அதைப் பிரித்தெடுக்க வயிற்றின் அமிலம் வேண்டும். பிரிந்த பின் வயிற்றுச் சுவர் சுரக்கும் உள்காரணி என்ற புரதம் அதைப் பற்றிக்கொண்டு சிறுகுடலின் கடைசிப் பகுதியில் சேர்க்கிறது. தாவர உணவிலுள்ள இரும்பு கரைவதற்கும் அமிலம் துணை செய்கிறது. ஏற்கெனவே குறைவாக வரும் பி12ஐ அமிலமற்ற வயிற்றில் எதிர்பார்த்திருக்கிறீர்கள். இதற்காக மாத்திரையைச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள், எரிச்சல் இருமடங்காகத் திரும்பலாம். உண்மையில் அது தேவையா என்று உங்கள் மருத்துவரோடு பேசிப் படிப்படியாகக் குறையுங்கள்.

நரம்பு அறிகுறி இருப்பதால் பி12ஐ ஊசியாகத் தொடங்குவதையே நான் விரும்புவேன். பின்னர் 1000 மைக்ரோகிராம் மாத்திரைக்கு மாறலாம். மாத்திரையில் உள்ள பி12 புரதத்தோடு ஒட்டியிருப்பதில்லை என்பதால் அமிலம் தேவையில்லை. அத்தோடு அதிக அளவில் கொடுக்கும்போது ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு உள்காரணியின் துணையில்லாமலேயே குடல் வழியாகக் கசிந்து சேரும். நாள் தேவை 2 மைக்ரோகிராமுக்குச் சற்றே மேல் என்பதால் அதுவே தாராளம்.

எல்லாவற்றையும் ஒன்றாக விழுங்கினால் இரும்புக்குத்தான் இழப்பு. கால்சியம் இரும்பைத் தடுக்கும். தேநீரும் காபியும் அதைவிட மோசம், உணவோடு குடித்தால் உறிஞ்சப்படும் இரும்பு பாதிக்கும் கீழே போகக்கூடும். இரும்பை வெறும் வயிற்றில், எலுமிச்சைச் சாற்றோடு எடுங்கள். கால்சியமும் வைட்டமின் டியும் இரவு உணவோடு இருக்கட்டும். இரும்பை நாள்தோறும் எடுக்கத் தேவையில்லை, ஒருநாள் விட்டு ஒருநாள் போதும் என்பதற்கும் நல்ல சான்று உண்டு. ஒரு மாத்திரை உள்ளே போனதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஊக்கியைச் சுரந்து அடுத்த ஒரு நாளுக்குக் குடலின் கதவை ஒருக்களித்துவிடுகிறது. சூரிச் ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், நாள்தோறும் எடுத்த பெண்கள் ஏறத்தாழ 16 விழுக்காடும், ஒருநாள் விட்டு எடுத்தவர்கள் ஏறத்தாழ 22 விழுக்காடும் உறிஞ்சினார்கள். வயிற்றுப் புரட்டலும் மலச்சிக்கலும் குறையும் என்பது கூடுதல் லாபம்.

முருங்கைக்கீரையை ஏன் விட வேண்டும்? தாராளமாக உண்ணுங்கள். அதனால் மட்டும் பத்தாயம் நிரம்பும் என்று எதிர்பார்க்க வேண்டாம் என்பதே என் சொல். 100 கிராம் கீரையில் நான்கு மில்லிகிராமுக்குச் சற்றுக் கூடுதலான இரும்பு இருக்கலாம். அதில் பத்தில் ஒரு பங்குகூடச் சேர்வது அரிது. குறைபாடு வராமல் காக்க உணவு போதும், ஆழமாக விழுந்த பின் மேலே ஏற உணவு மட்டும் போதாது.

கால அளவைப் பொறுத்தவரை, மூச்சு வாங்குவது சில வாரங்களில் தணியும், முடிக்கு மாதங்கள் ஆகும், கால் விரல்கள் மிகவும் மெதுவாகவே மாறும். தொடக்கத்தில் மரத்துப்போவது சற்றுக் கூடினாலும் ஊசியை நிறுத்திவிடாதீர்கள். நடையில் தள்ளாட்டமோ மறதியோ தெரிந்தால் அடுத்த சந்திப்புக்காகக் காத்திருக்காமல் உடனே செல்லுங்கள். ஹீமோகுளோபின் ஏறிய பிறகும் குறைந்தது மூன்று மாதம் இரும்பைத் தொடர வேண்டியிருக்கும். அதன்பின் ஃபெரிட்டினைப் பாருங்கள், ஆனால் சளியோ காய்ச்சலோ இருக்கும் வாரத்தில் வேண்டாம். பயோட்டினையும் முன்கூட்டியே நிறுத்திவிட்டு இரத்தம் கொடுங்கள்.